டைமிங் கவர் பேக்கிங்கும் போல்ட்டை முறுக்கும் வரிசையும்

அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் முன்பக்க எண்ணெய்க் கசிவை நிறுத்த முற்படுவோரில் பலர், மாற்ற வேண்டியதைச் சரியாக மாற்றிவிட்டு, அதைப் பூட்டும் வரிசையில் தவறுவதாலேயே அதே கசிவை மறுபடியும் காண்கிறார்கள். டைமிங் கவர் என்பது, கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலியை மறைத்தபடி எஞ்சினின் முகப்பில் பூட்டப்பட்டிருக்கும் தகட்டு மூடியாகும். பேக்கிங் என்பது அந்த மூடிக்கும் அதன் பின்னுள்ள முகப்புத் தகட்டுக்கும் இடையில் வைக்கப்படும் மெல்லிய தாள். இவ்விரண்டைக் காட்டிலும் முக்கியமானது ஆயில் சீல், அதாவது மூடியின் துளையில் அமர்ந்து, கிராங்க் புல்லியின் கழுத்தைச் சுற்றிலும் பிடித்து, எண்ணெயை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையம்.

இந்த எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த பி வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் பிரிட்டிஷ் விளையாட்டுக் காரிலும் இதே 1489 சி.சி. எஞ்சின் இருந்தது என்பது, பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றிச் சென்ற வாடகைக் கார்களை மட்டுமே கண்டவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். உத்தரப்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர், தாமிரபரணிக் கரையூர்களில் இன்று பெரும்பாலும் மாடு கட்டிய பழைய தொழுவங்களில்தான் நிற்கிறது. பின்னாளில் வந்த இசுசு எஞ்சினுக்கு இங்கே சொல்லப்படும் முறை பொருந்தாது. பழைய எஞ்சினில் கைபழகிய மெக்கானிக்குகள் ஓய்ந்துவிட்ட நிலையில், அதை அறியாத பட்டறைக்காரர்கள் அறியோம் என்று சொல்லாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவதுதான் உடைமையாளர்களின் செலவுக்கு முதற்காரணம்.

இக்குறிப்புகளுக்கு அடிப்படையான கார் பாளையங்கோட்டையில் உள்ளது. அதன் கசிவுக்காக அணுகப்பட்ட பட்டறை ஒன்று பேக்கிங்கையும் ஆயில் சீலையும் புதிதாக மாற்றி, சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசி அனுப்பிய பிறகும் புல்லியின் அடியில் எண்ணெய் சொட்டியது; குறை சொல்லப்பட்டபோது முதலில் பேக்கிங்கின் தரமும், அடுத்து எண்ணெயின் தரமும் காரணமாக்கப்பட்டு, இறுதியில் “எஞ்சினையே எறக்கணும் அண்ணாச்சி” என்ற தீர்ப்பு வழங்கப்பட்டது. உடைமையாளர் எஞ்சினை இறக்காமல், தம் வீட்டிலேயே கவரைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் சீலிலேயே பதிந்திருந்தது. அதன் உதட்டின் மேற்பகுதி தேய்ந்து பளபளப்பாகவும், கீழ்ப்பகுதி புல்லியைத் தொட்ட தடயமே இல்லாமல் புதிதாகவும் இருந்தன.

இதற்கு விளக்கம் எளியது. கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் வழிகாட்டி ஊசிகள் எதுவும் இந்த எஞ்சினில் இல்லை. போல்ட் துளைகள் போல்ட்டை விடச் சற்றுப் பெரியவை என்பதால், புல்லி இல்லாத நிலையில் கவரை வைத்து முறுக்கினால் அது தன் எடையிலேயே சிறிது கீழிறங்கி நின்றுவிடுகிறது. கவரோடு சீலும் இறங்குவதால் புல்லியின் கழுத்து மேல் உதட்டை நெருக்கிக் கீழ் உதட்டை விட்டு விலகுகிறது. எண்ணெய் வந்து சேர்வதோ கீழ்ப்பக்கத்தில்தான். ஆகவே கவரைப் பேக்கிங்கோடு வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டுமே திருகிவிட்டு, சீலின் உதட்டுக்கும் புல்லியின் கழுத்துக்கும் கிரீஸ் தடவி, உதடு மடங்காதபடி புல்லியை மெல்லத் திருகித் திருகி உள்ளே செலுத்தி, அதன் பள்ளம் கிராங்க் தண்டின் சாவியில் அமர்ந்த பிறகே போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். அப்போது கவரை மையத்தில் நிறுத்துவது புல்லிதான். முறுக்குபவரின் கண்மதிப்புக்கு அங்கே வேலையே இல்லை. பட்டறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: கவர் முதலில் இறுக்கப்படுகிறது, புல்லி கடைசியில் சுத்தியலால் தட்டி ஏற்றப்படுகிறது.

பசையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மையம் விலகிய கவரின் மேல் பூசப்பட்ட பசை கசிவை நிறுத்துவதில்லை. விலகிய இடத்திலேயே கவரை உறைய வைக்கிறது. அதோடு, மிகுதியாகப் பூசியது உட்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்து உதிர்ந்து, எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்து, எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கக்கூடும். முகப்புத் தகடு சுத்தமாகவும் கவரின் விளிம்பு நேராகவும் இருந்தால், தாள் பேக்கிங்குக்குக் கிரீஸ் பூச்சு ஒன்றே போதும். இதை ஏற்காத உறவினர்கள் எல்லா வீடுகளிலும் இருப்பார்கள். வேலை முடியும்வரை அவர்களைத் தொழுவத்துக்குள் விடாமலிருப்பது நல்லது.

கழற்றும் வேலை நீளமானதே தவிரக் கடினமானதன்று: ரேடியேட்டர் நீரை வடித்து அதை வெளியே எடுத்து, ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி நீக்கி, கிராங்க் நட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்தி, டாப் கியரில் கை பிரேக்கும் இட்டு நட்டை விடுவித்தால் புல்லி வந்துவிடும். சங்கிலியைத் தொட வேண்டியதில்லை. சம்ப்பை இறக்கவும் வேண்டாம். கிராங்க் தண்டின் மேலுள்ள எறிதட்டு, அதாவது எண்ணெயைச் சீலின் பக்கம் வரவிடாமல் வீசியெறியும் வட்டத்தகடு, எந்த முகம் வெளியே இருந்ததோ அப்படியே திரும்ப வைக்கப்பட வேண்டும். மிகப் பழைய கார்களில் ரப்பருக்குப் பதிலாகக் கம்பளி வளையம் இருக்கும். அந்தக் கவருக்குரிய எறிதட்டு வேறு என்பதால் ஒன்றின் தட்டை மற்றொன்றில் போடக்கூடாது.

போல்ட்டுகள் அங்குல அளவின, அதிலும் இரண்டு வகை. சிறியதன் தலை 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ.; அதில் 11 ஸ்பேனர் நுழையாது, 12 வழுக்கித் தலையை உருட்டிவிடும். காரோடு வந்த தந்தையின் டூல் பாக்ஸை இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருக்கும் வீட்டில் இந்தச் சிக்கல் எழாது. சிறிய போல்ட்டுக்கு 6 அடி-பவுண்டு முறுக்கு போதும். கிடைமட்டமாகப் பிடித்த ஓரடி நீளக் கைப்பிடியின் முனையில் 6 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எழும் முறுக்கே அது. அதற்கு மேல் முறுக்கினால் தகட்டு மூடி துளைகளைச் சுற்றிக் குழிந்து, இடைப்பட்ட விளிம்பு தூக்கிக்கொள்கிறது. முன்பு அப்படிக் குழிந்த கவராயின், அதைத் தட்டையான மரக்கட்டையின் மேல் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்கிய பின்னரே பூட்ட வேண்டும். புல்லியின் கழுத்தில் பழைய சீல் உழுத பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால், லேத் பட்டறையில் அதன்மேல் மெல்லிய வளையம் ஏற்றிக்கொள்ளலாம். ரேடியேட்டரை மீண்டும் நிரப்பும்போது, உப்புப் படியவிடும் போர்வெல் நீரைத் தவிர்த்து, ஆற்றுக் குழாய் நீரைப் பயன்படுத்துவது நன்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரம் தென்பட்டால் பார்க்க வேண்டியது எஞ்சினின் மூச்சுக் குழாயை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேறும் வழி அது. அது அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். அந்தக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுவது கூலி கேட்கும் அளவுக்குப் பெரிய வேலையன்று. பட்டறைகளில் அதைப் பற்றிய பேச்சே எழாததற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.