பள்ளிக்கூடப் பந்தியும் தாங்கல் பந்தியும்

அய்யா துணை.

போன காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு முடிந்து நம் தாங்கலில் அன்னதர்மம் விளம்பிக்கொண்டிருந்தோம். பாட்டி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பையன் பந்தியில் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் இரண்டு நிறத்தில் கயிறு கட்டியிருந்தான். பக்கத்தில் இருந்த பையனிடம், “நீ எந்தத் தெரு?” என்று கேட்டான். பதில் வந்ததும் இலையை விட்டு எழுந்து அடுத்த வரிசையில் போய் இருந்துகொண்டான். சாம்பார் வாளியோடு நின்ற நான் அதைப் பார்த்தேன். “என்ன மக்கா, இடம் மாறிட்டே?” என்றேன். “சும்மாதான் மாமா” என்றான்.

அவனை நான் வையவில்லை. வைய எனக்குத் தகுதி போதாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அய்யா வைகுண்டர் காலத்துத் திருவிதாங்கூரில் இந்தக் கேள்விதான் வழி நடக்கவும் தண்ணீர் கோரவும் தடையாக நின்றது. எந்தச் சாதி என்று தெரிந்துகொண்டுதான் கிணற்றுப் பக்கம் விட்டார்கள். அய்யா முத்திரிக்கிணற்றை எல்லாருக்கும் பொதுவாக்கினார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பத்தாரும் ஒன்றாகக் குளித்தார்கள், ஒன்றாக உண்டார்கள். துவையலை நாம் தவம் என்று மட்டும் நினைக்கிறோம். எனக்கு அது ஒரு பள்ளிக்கூடமாகவும் தோன்றுகிறது. பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம். நாள்தோறும் செய்து செய்து கைக்குப் பழகியதுதான் அங்கே பாடம். தலையில் துணி கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களை அய்யா தலைப்பாகை கட்ட வைத்தார். அது எல்லாருக்கும் ஒரே தலைப்பாகை. அதைக் கட்டிய வீட்டுப் பேரப்பிள்ளையின் கையில் இன்று ஆளைப் பிரிக்கிற கயிறு கிடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பந்தி வந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. (1969 இடைத்தேர்தலில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம் நாகர்கோவில் தொகுதி என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.) அரசுப் பணத்தை மட்டும் நம்பி அது நடக்கவில்லை. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊராரைக் கூட்டிக் கேட்டார். ஊரார் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பசி ஆறினால் பிள்ளை படிக்க வரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப் பலித்தது. அதோடு, வீட்டில் சேர்ந்து உண்ணாத பிள்ளைகள் பள்ளி வராந்தாவில் ஒரே வரிசையில் இருந்து உண்டார்கள்.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது நான் குளச்சல் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அலுமினியத் தட்டோடு வராந்தாவில் இருப்போம். ஒருநாள் வேறு தெருப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து இருந்தான். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகிவிடும்.

டீச்சர் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மணி அடித்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவன் கையில் சோற்றுச் சட்டி, என் கையில் குழம்பு வாளி. “ரெண்டு பேரும் சேந்து விளம்புங்க. எல்லாரும் உண்ட பிறகு மிச்சம் இருக்கியத நீங்க உண்ணுங்க” என்றார். அவன் சோறு வைக்காமல் நான் குழம்பு விட முடியாது. அவன் நடக்கிற வேகத்துக்கு நானும் நடந்தாக வேண்டும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி வரிசையில் கை வலித்து வாளி சரிந்தது. அவன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தான். கடைசியில் சட்டியில் மிஞ்சியது ஓர் ஆளுக்கும் போதாத சோறு. அவன்தான் பங்கு வைத்தான். பெரிய பங்கு என் தட்டில் விழுந்தது.

ஒரு வாரம் விளம்பினோம். அடுத்த வாரம் டீச்சர் வேறு இருவரைக் கூப்பிட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நன்னெறி வகுப்பில் அவர் நடத்திய பாடம் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அந்த வாளிக் கம்பி உள்ளங்கையில் பதிந்த தடம் மட்டும் நினைவிருக்கிறது.

ஆனால் பந்தி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வந்த கையோடு, எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைக்கும் பெண்ணின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகள் உண்ணாமல் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு இருந்து உண்டார்கள். மதிய உணவு பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி!

அதற்கு முந்தின மாதம் நாங்குநேரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. பிளஸ் டூ படித்த பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் உண்டு. பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை வெளியே சொன்னதற்காக அப்படிச் செய்தார்கள். அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு, பரீட்சை எழுதி 600க்கு 469 எடுத்தான். பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர்க் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கயிற்றை வாசலில் அவிழ்த்துவிட்டு உள்ளே போகிற பிள்ளைக்கு உள்ளே செய்ய என்ன வேலை கொடுக்கப் போகிறோம்?

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் முறை வைத்து வகுப்பறையைத் துடைக்கிறார்கள். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு உடன் படிக்கிறவர்களுக்கு மதிய உணவும் விளம்புகிறார்கள். நம் ஊரில் பிள்ளை கையில் துடைப்பம் கொடுத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டையில் நியாயம் உண்டு. குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுக் கக்கூஸ் கழுவச் சொன்ன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அதைத் தொண்டு என்று யாரும் சொல்ல முடியாது. தலைமையாசிரியரின் மகனுக்கும் முறை வந்தால்தான் அது தொண்டு. ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் துடைப்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை. முகாமில் கக்கூஸ் கழுவுகிற முறை யாருக்கெல்லாம் வந்தது என்றுதான் கேட்பேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் குளச்சலுக்குள் வந்தது. கொட்டில்பாடும் குளச்சலும் இழந்த உயிர்களை நாம் எல்லாரும் அறிவோம். நான் சோறு கொண்டுபோன முகாம் ஒரு பள்ளிக்கூடம். பெரியவர்கள் நாங்கள் பாத்திரத்தை வைத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றோம். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அரை டிராயர் போட்ட இரண்டு பையன்கள் வந்து கரண்டியை வாங்கினார்கள். பந்தியின் முன்வரிசைக்குப் போகவில்லை. எழுந்து வர முடியாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்த கிழவிகளிடம் முதலில் போனார்கள். அந்தப் பிள்ளைகளும் கடலில் எதையோ இழந்தவர்கள்தான். அவர்கள் எந்த மதம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

தாங்கலில் இடம் மாறிய பையனிடம் மறு ஞாயிறு, “வாளி பிடிக்கியா மக்கா?” என்று கேட்டேன். மாட்டேன் என்றான். “அப்ப இலை எடுக்கியா?” என்றேன். நானும் கூட இருந்து எடுத்தேன். எச்சில் இலையைக் கையால் தொட முகம் சுளித்தான், ஆனாலும் வரிசை முழுவதும் எடுத்தான். போன வாரம் விட்டு எழுந்த அந்தப் பையனின் இலையும் அதில் இருந்தது. கையில் கயிறு அப்படியே கிடந்தது. அவிழ்த்துப் போடு என்று நான் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு வருவான்.

இனி ஞாயிறுதோறும் அன்னதர்மம் விளம்பும் பணிவிடை பிள்ளைகளுடையது என்று தீர்மானித்திருக்கிறோம். சோற்றுக்கு ஒரு பிள்ளை, சாம்பாருக்கு ஒரு பிள்ளை, இலை எடுக்க இரண்டு பேர். ஆணும் பெண்ணும் வரலாம். தாய்மார்கள் காலை பதினொரு மணிக்குள் அனுப்பி வையுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் வந்தால் பிரித்துத்தான் விடுவோம், வருத்தப்படக் கூடாது. இலை எடுக்கிற முறை பணிவிடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிலிருந்து தொடங்கும்.

அய்யா உண்டு.