கை வைக்காத கீபோர்டு தகவல் அனுப்பினால்

பாடகர் வந்துவிட்டார், பதிவு தொடங்க வேண்டும். கீபோர்டில் யாரும் விரல் வைக்கவில்லை; ஆனால் திரையில் மிடி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. ஸ்டுடியோ உதவியாளராகவோ கீபோர்டு புரோகிராமராகவோ வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும். உடனே கேபிளைப் பிடுங்கி மாட்டாதீர்கள். என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் போன்ற மென்பொருள்கள் வருகிற ஒவ்வொரு தகவலையும் எண்ணாகவோ பெயராகவோ காட்டும். வடிகட்டி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பாதிச் சந்தேகம் இங்கேயே தீரும்.

254 என்ற எண் ஓயாமல் வந்தால் பதற வேண்டாம். அது ஆக்டிவ் சென்சிங். இணைப்பு அறுபடவில்லை என்று கீபோர்டு சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதை ஒருமுறை கேட்ட கருவி, அதன்பின் 300 மில்லிவினாடிக்கு மேல் எந்தத் தகவலும் வராவிட்டால் ஒலிக்கும் சுரங்களை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. வாசிக்கும்போது கேபிள் கழன்றாலும் சுரம் இழுத்துக்கொண்டே நிற்காமல் இருப்பது இதனால்தான். நீங்களே மிடி நிரல் எழுதுபவரானால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஒற்றை பைட் வேறொரு தகவலின் நடுவிலும் நுழையலாம். அதைத் தனியே ஒதுக்காத நிரல், சுரத்தின் எண்ணையே தவறாகப் படிக்கும். குறை அப்போது கீபோர்டில் இல்லை, நிரலில்.

248 வந்தால் அது கிளாக், ஒரு கால் சுரத்துக்கு 24 முறை. டெம்போ 120 என்றால் வினாடிக்கு 48. கீபோர்டும் பதிவு மென்பொருளும் ஆளுக்கொரு கிளாக் ஓட்டினால் தாளம் தடுமாறும். ஒன்று போதும், மற்றதை அணைத்துவிடுங்கள்.

இனி உண்மையான பழுதுகள். பிட்ச் பெண்ட் 8192 என்ற நடுப்புள்ளியில் நிற்காமல் அதைச் சுற்றி ஆடுகிறதா? கன்ட்ரோலர் 1, அதாவது மாடுலேஷன் வீல், 0க்கும் 1க்கும் இடையே துள்ளுகிறதா? பெரும்பாலும் உள்ளே தூசி, அல்லது தேய்மானம். வீலை முழு வீச்சில் பலமுறை உருட்டுங்கள். நிற்காவிட்டால் சர்வீஸில் கொடுத்து கான்டாக்ட் கிளீனர் போடச் சொல்லுங்கள். மென்பொருளில் வடிகட்டி மறைப்பது அன்றைய பதிவுக்கு மட்டும்தான் உதவும். மிடி லேர்ன் அழுத்தி ஒரு குமிழை இணைக்கப் போனால், குமிழுக்குப் பதில் துள்ளுகிற வீல் முந்திக்கொண்டு இணைந்துவிடும்.

கன்ட்ரோலர் 64 சஸ்டெய்ன் பெடல். காலை எடுத்தால் சுரம் நீள்கிறது, அழுத்தினால் நிற்கிறது என்றால் பெடலின் போலாரிட்டி மாறியிருக்கிறது. பல கீபோர்டுகள் இயக்கும் கணத்தில்தான் இதைக் கணிக்கின்றன. அணைத்து, பெடலை மாட்டி, கால் படாமல் மீண்டும் இயக்குங்கள்.

ஒரு சுரம் இரண்டாகக் கேட்டால், கட்டைகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலைப் பாருங்கள். கீபோர்டின் ஒலியை மென்பொருள் வழியே கேட்கும்போது அது அணைந்திருக்க வேண்டும். எப்போதும் ஒரே சுரம் தானாக ஒலித்தால், அந்தக் கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுபுள்ளியைச் சந்தேகியுங்கள்.

திரை வெறுமையாக இருக்க, ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் என்றால் அது மிடி விவகாரமே இல்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் பெரும்பாலும் எர்த் வழிச் சுற்று. பழைய ஐந்து முள் மிடி இணைப்பில் வாங்கும் பக்கத்து ஆப்டோ ஐசோலேட்டர் இதைத் தடுக்கும். சாதாரண யுஎஸ்பி கேபிளில் அந்தத் தடுப்பு இல்லை. இதற்காக பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிர் போகும்.

எந்தக் கீபோர்டு, எந்த எண், என்ன செய்தீர்கள் என்பதை ஸ்டுடியோ குறிப்பேட்டில் எழுதுங்கள். வாசிப்பவர் கொண்டுவந்த கீபோர்டில் அவரைக் கேட்காமல் ஃபேக்டரி ரீசெட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் செதுக்கிச் சேமித்த ஒலிகள் எல்லாம் அதில் அழிந்துபோகலாம்.