ஊற்றுக்கண் காப்போம்

ஆற்றில் கலக்கும் மாசு கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் கலக்கும் மாசோ, கிணற்று நீரின் சுவை மாறிய பின்னரே பலருக்கும் தெரியவருகிறது.

தோல் பதனிடும் தொழிலில் சாதாரண உப்பும் குரோமிய உப்பும் பயன்படுகின்றன. சுத்திகரிக்கப்படாத அக்கழிவுநீர் மண்ணுள் இறங்கிக் கிணறுகளின் ஊற்றுக்கண்களை அடைகிறது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 சிற்றூர்களில், குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்தன என ஓர் ஆய்வு காட்டியது. தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதனைச் சுட்டுகிறது.

மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும். கேடு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு நெறிகளை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. இவற்றுள் பின்னதே முதன்மையானது. இழப்பீடு உழவரின் கைக்கு வரலாம். கிணற்றின் பழைய சுவை அதனோடு திரும்பிவிடாது.

தொழிற்சாலைக்கு உரிய இந்நெறி வீட்டிற்கும் பொருந்தும். கழிவுநீர்க் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைத்தல், கிணற்றைச் சுற்றி மேடையும் கைப்பிடிச் சுவரும் கட்டுதல், கைவிடப்பட்ட கிணற்றில் குப்பை கொட்டாதிருத்தல் ஆகியன நம் கடமைகள். ஒருவர் கிணற்றில் இட்ட நஞ்சு அவர் வேலியோடு நிற்பதில்லை. நிலத்தடியில் வரப்புகள் இல்லை.