திருடனைத் தேடுமுன் பூட்டைப் பார்ப்போம்!

டிப்ளமோ படிக்கிறவனுக்குப் போலீஸ் விஷயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் அடிக்கடி நின்றால் நாம் என்ன செய்வோம்? நிற்கும்போதெல்லாம் ஸ்டார்ட் செய்வதோடு விடமாட்டோம், ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். போலீசுக்கும் அப்படி ஒரு முறை உண்டு. அதுதான் 'பிரச்சினை சார்ந்த காவல் முறை'.

இதைச் சொன்னவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டீன். 1979-இல் எழுதிய கட்டுரையை ஒரு பஸ் கதையோடு ஆரம்பிக்கிறார். ஸ்டாப்பில் முப்பது பேர் வரை நிற்க, டிரைவர்கள் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்களாம். கேட்டால், ஆள் ஏற்ற நின்றால் டைம் தவறிவிடும் என்று பதில்! நமக்குத் தெரியாத கதையா? போலீஸ் துறையும் நிர்வாகத்தையே கவனிக்கிறது, ஜனங்களின் பிரச்சினை தீர்ந்ததா என்று பார்ப்பதில்லை என்றார் அவர்.

1980-களில் வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரப் போலீசார் இதை நாலு படியாகச் செய்து பார்த்தார்கள்:

1. கண்டறிதல்: எங்கே, எது திரும்பத் திரும்ப நடக்கிறது?
2. ஆராய்தல்: ஏன் அங்கேயே நடக்கிறது?
3. செயல்படுதல்: காரணத்துக்கு ஏற்ற வைத்தியம்.
4. மதிப்பிடுதல்: குறைந்ததா? இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

அங்கே நியூ பிரையர்ஃபீல்டு என்ற குடியிருப்பில் ஓயாத திருட்டு. போலீசார் குடியிருப்பவர்களையே விசாரித்தார்கள். கட்டிடங்களே பாழடைந்து கிடந்தன, கதவு ஜன்னல்கள் சுலபமாகத் திறந்துகொள்ளும் நிலை. நகராட்சியின் மற்ற இலாகாக்களையும் சேர்த்துக்கொண்டு குப்பையை அள்ளினார்கள், பள்ளங்களை மூடினார்கள், கேட்பாரற்ற கார்களை அகற்றினார்கள். 1987-இல் வந்த ஆய்வறிக்கைப்படி திருட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒழுங்கு என்ற பேரில் ஏழைகளை விரட்டுவது இந்த முறை இல்லை. அவர்களைக் கேட்பதுதான் இதன் ஆரம்பமே.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். போன வருஷம் எங்கள் தெருவில் மூணு சைக்கிள் திருட்டுப் போச்சு. ஒன்று அப்பாவுடையது. அவர் ஒவ்வொரு இடமாகப் போய் வாயால் சொன்னார். "யார்னு தெரியுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். யார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எங்கே, எப்போது என்பதுதான் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

இந்த முறையைத் தெரிந்துகொண்டபின் நான் ஒரு தாளில் தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்தேன். மூணும் ஒரே கம்பத்தடியில் போயிருந்தது. அந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்து பல மாசம் ஆகிறது. அதையே மனுவாக எழுதினேன். அப்பா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார், தெருவே பின்னால் கையெழுத்துப் போட்டது.

விளக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் திருட்டு நிற்குமா என்பதை நாலாவது படியில்தான் பார்க்க வேண்டும். அதுவரை நோட்டில் குறித்து வருகிறேன். நண்பர்களே, உங்கள் தெருவுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்!