வெயில் காலத்தில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவ...

1. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அட்டவணைகளில் சொல்லும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரோ 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் வேகமெடுக்கும். அதே நேரம் விட்டால் நெகட்டிவ் கறுத்துப்போகும். பிரிண்டில் வெள்ளைச் சட்டையின் மடிப்புகூடத் தெரியாது.

2. அதற்காக 20-க்கு இறக்கியே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். நம் ஊருக்கு 24 டிகிரியே தோது. நேரத்தைக் குறைத்தால் போதும். ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால், எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம். 24-ல் சுமார் 9. ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், திட்டுத் திட்டாக விழும்.

3. சம அளவு கலக்கும்போது கணக்கு சுலபம். டெவலப்பர் 30 டிகிரியில் இருந்தால், ஃபிரிட்ஜ் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து 18-க்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். இரண்டும் சேர்ந்து 24-ல் நிற்கும்.

4. ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், நீர்த்துவிடும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, ஃபிலிம் டேங்க் நிற்கும் தண்ணீர் டப்பில் மிதக்கவிடுங்கள். டப் பெரிதாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும்.

5. காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது. அதன் அளவே 35-க்குப் பக்கத்தில்தான் தொடங்கும். ஆய்வகச் சாமான் கடையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் கிடைக்கும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து அதில் வையுங்கள், 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி தள்ளிக் காட்டினாலும் பாதகமில்லை. எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

6. பலர் சூட்டைக் கவனிப்பதை டெவலப்பரோடு நிறுத்திக்கொண்டு, கடைசியில் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். திடீர்ச் சூடு பட்டால் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க நுண்ணிய விரிசல் விழலாம். அதைச் சரிசெய்ய வழியில்லை. ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அதே டப்பில் வையுங்கள். தண்ணீர் மிச்சமாக: டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், அடுத்து 10, பிறகு 20. கெட்டிப்படுத்தும் மருந்து சேராத ஃபிக்ஸருக்கு இந்த அலசல் போதும்.

7. ஊட்டி, கொடைக்கானலில் கதை தலைகீழ். சுமார் 13 டிகிரிக்குக் கீழே டெவலப்பரிலுள்ள ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். டப்பில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

8. ஸ்டீல் டேங்க் உள்ளங்கைச் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். விரல் நுனியால் பிடித்துக் கவிழ்த்து, உடனே டப்பில் வைத்துவிடுங்கள்.