ஜூன் அல்மெய்டா அம்மையார்

வைரசு என்பது மிக நுண்ணியதோர் துகள். பெரும்பாலான வைரசுகள் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலனாகா. எலக்ட்ரான் நுண்ணோக்கியே அவற்றின் உருவைக் காட்ட வல்லது. அக்கருவியைக் கையாள்வதில் தனித்திறன் பெற்று விளங்கியவர் ஜூன் அல்மெய்டா அம்மையார்.

இவர் 1930ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் பேருந்து ஓட்டுநர். அறிவியலில் ஆர்வம் மிக்கிருந்தும், பல்கலைக்கழகம் செல்லக் குடும்பத்தின் பொருள்நிலை இடந்தரவில்லை. 16ஆம் வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். ஆயினும், அறிவு வேட்கை அவரை விட்டு நீங்கவில்லை. மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் பணியாளராய் அமர்ந்து, திசுக்களை நுண்ணோக்கியால் ஆராயும் முறையைக் கற்றார்.

பின்னர்க் கனடா நாட்டின் டொராண்டோ நகரில், புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கும் பொறுப்பேற்றார். ஆங்குச் சிறந்ததொரு முறையை வளர்த்தார். நோயாளியிடமிருந்து எடுக்கும் பொருளில் வைரசும் பிற துகள்களும் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தறிதல் அரிது. நோயுற்றுத் தேறியவரின் குருதியில், அந்நோயின் வைரசைப் பற்றவல்ல எதிர்ப்பொருள்கள் உண்டு. அவற்றைச் சேர்த்தால், அவை வைரசுகளைப் பற்றிக் கொத்துக் கொத்தாகத் திரட்டும். திரண்டவற்றை ஐயமின்றி அடையாளம் காணலாம்.

1964ஆம் ஆண்டு அம்மையார் லண்டன் மாநகருக்குத் திரும்பினார். அக்காலத்தே டேவிட் டிரெல் என்னும் அறிஞர் சளிநோயை ஆராய்ந்துவந்தார். சளியுற்ற சிறுவன் ஒருவனிடமிருந்து பெற்ற ‘பி 814’ என்னும் மாதிரி அவருக்குப் புதிராயிருந்தது. அம்மையார் அதனை ஆராய்ந்து, ஒளிவட்டம் சூழ்ந்தாற்போன்ற வைரசினைக் கண்டார். விலங்கு, பறவை நோய்களை ஆராய்ந்தபோதும் அத்தகைய உருவைக் கண்டிருந்தார். அன்று அவர் எழுதிய கட்டுரையை, “இவை இன்புளுவென்சா வைரசின் தெளிவற்ற படங்களே” என்று கருதி மதிப்பீட்டாளர் மறுத்திருந்தனர். அம்மையாரோ தம் கண் கண்டதைக் கைவிட்டாரல்லர். புதிய படங்கள் 1967இல் வெளிவந்தன. 1968இல் இவர் உள்ளிட்ட எட்டு அறிஞர், அவ்வினத்திற்குக் ‘கொரோனா வைரசு’ எனப் பெயரிட்டனர். கொரோனா என்பது மகுடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

ரூபெல்லா வைரசினைப் படம்பிடித்துக் காட்டியவரும் இவரே. கல்லூரி செல்லாத இவருக்கு, இவர்தம் ஆய்வுக் கட்டுரைகளே அறிவியல் முனைவர் பட்டத்தை ஈட்டித்தந்தன.

அம்மையார் 2007ஆம் ஆண்டு மறைந்தார். 2020ஆம் ஆண்டு கோவிட் நோய் உலகெங்கும் பரவிய பொழுது, அதனை விளைத்தது அவர் கண்ட இனத்தைச் சேர்ந்த வைரசே என்பதை உணர்ந்து, உலகம் அவர் பெயரை நன்றியுடன் நினைந்தது. வறுமை கல்விக்கூடத்தின் வாயிலை அடைக்கலாம்; கூர்ந்து நோக்கும் கண்ணையும் தளராத உள்ளத்தையும் அதனால் அடைக்கவியலாது. அல்மெய்டா அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.