சூடு போக ஒரே வழி

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் டிரம்மைப் படுக்கவைத்து, மேலே வெட்டி, எஃகுப் பாத்திரத்தை அதில் இறக்கி, மேப்பிள் சாறு காய்ச்ச நீயே அடுப்பு செய்துவிட்டாய். வெர்மான்டிலும் க்யூபெக்கிலும் வீட்டுப் புழக்கடையில் காய்ச்சுகிற பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். உள்ளே வெப்பக்காப்பு அவசியமா என்று கேட்டிருந்தாய். அவசியம்.

கணக்கைப் பார். மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாகு எடுக்க ஏறக்குறைய 43 லிட்டர் சாற்றை வற்றவைக்க வேண்டும். தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல், கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவை. நன்கு காய்ந்த விறகின் சூடு முழுவதும் சாற்றில் இறங்கினால் 8 கிலோ விறகிலேயே அந்த ஒரு லிட்டர் பாகு கிடைத்துவிடும். வெறும் டிரம் அதைப் போலப் பல மடங்கு தின்னும். எரியும்போது அதன் பக்கத்தில் நின்று பார், முழங்கால் காயும். சாற்றுக்குப் போகவேண்டிய சூடு அது.

தீயிலிருந்து சூடு போக பாத்திரத்தின் அடி ஒன்றே வழியாக இருக்கவேண்டும். நீ வைக்கும் ஒவ்வொரு கல்லையும் இதை வைத்தே முடிவு செய்.

செங்கல் அடுக்கினால் போதும் என்று சொல்வார்கள். கெட்டியான ஃபயர் பிரிக் சூட்டைத் தாங்கும். ஆனால் அவ்வளவாகத் தடுக்காது. தடுப்பது செராமிக் வுல். அதனால் டிரம்மின் உள்சுவரை ஒட்டி 25 மில்லிமீட்டர் செராமிக் வுல், அதற்கு முன்னால் 32 மில்லிமீட்டர் ஃபயர் பிரிக் என்று வை. விறகு மோதும் அடியைச் செங்கல் வாங்கிக்கொள்ளும், பின்னால் இருக்கும் வுல் சூட்டைப் பிடித்து நிறுத்தும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் மென்செங்கலும் நன்றாகத் தடுக்கும். ஆனால் விறகுக்கட்டை பட்டால் பெயர்ந்துவிடும். கதவை மறக்காதே, பலருடைய அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்வது அதுதான்.

தீ அறைக்குப் பின்னால் பாத்திரத்துக்கு அடியில் ஆழமான பள்ளம் இருந்தால், சுவாலை கீழாகவே ஓடிப் புகைபோக்கிக்குள் போய்விடும். அந்த இடத்தை வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் போட்டுச் சரிவாக நிரப்பி, மேலே செங்கல் பதி. பாத்திரத்தின் அடிக்கும் செங்கலுக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தீ அடியைத் தடவிக்கொண்டே போகும். இன்னும் நெருக்கினால் இழுப்பு குறைந்து புகை கதவு வழியே திரும்பும். பாத்திரத்தின் விளிம்புக்கு அடியில் செராமிக் கயிறு வைத்தால் புகை கசியாது.

வீட்டுச் சுவருக்குப் போடும் கிளாஸ் வுல்லைத் தீ அறைக்குக் கொண்டுவராதே. பிசின் எரிந்து, கண்ணாடி இழை உருகிவிடும். சாதாரண சிமென்ட் கலவை வெடித்து உதிரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. செராமிக் வுல்லின் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதிதான். வெட்டும்போது நல்ல சுவாசக் கவசமும் கையுறையும் போட்டுக்கொள். வேலை முடிந்தபின் வுல் எங்கும் வெளியே தெரியாதபடி செங்கலால் மூடு.

செங்கல் பதித்த சூடு தாங்கும் கலவை காய்ந்ததும் ஒரேயடியாகப் பெருந்தீ மூட்டாதே. ஈரம் மெல்ல வெளியேறும்படி சில முறை சிறுதீ போட்டு ஆறவிடு. பிறகு, மணிக்கட்டுப் பருமனில் பிளந்த காய்ந்த விறகைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடு.

இனி சொல்வதை நன்றாக மனதில் வை. வெப்பக்காப்பு உள்ள அடுப்பு, விறகை நிறுத்தியவுடன் அடங்காது. செங்கல் குடித்த சூடு நெடுநேரம் பாத்திரத்தைக் கொதிக்கவைக்கும். சாறு தாழ்ந்துவிட்டால் சர்க்கரை கருகிப் பாத்திரமும் வளைந்துபோகும். இரவு முடிக்க நினைத்தால் முன்கூட்டியே விறகை நிறுத்து. பாத்திரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் சாறு நிற்கட்டும். கடைசிப் பதத்தை வீட்டுக்குள் சிறிய அடுப்பில் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகு.

இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்கள்தான் சாறு ஓடும். வெயில் ஏறினால் வாளியிலேயே புளிக்கத் தொடங்கும். அடுப்பு மெதுவாக இருந்தால் நல்ல சாறு காத்திருந்தே கெடும். நெடுநேரம் கொதிக்கும் பாகின் நிறமும் அடர்ந்துபோகும். பெரிய பாத்திரத்துக்கு இப்போது ஆசைப்படாதே. கையில் இருக்கும் பணத்தை இந்த ஆண்டு டிரம்முக்குள் போடு. காப்பு சரியாக இருந்தால், உனக்குப் பெரிய பாத்திரம் தேவைதானா என்பதே அடுத்த ஆண்டுதான் தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்